வக்கீல் வரும் நாளில் நான் எங்கே இருப்பேன்

ஊரப்பாக்கம்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. கடிதமா, ஆபீஸ் சர்க்குலரா என்று பிரித்துப் பார்த்தவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டிருக்கிறாய். ஒன்று, இந்த வீட்டுக்கு ஆள் கிடைத்துவிட்டது, விலையும் படிந்துவிட்டது. இரண்டு, வெள்ளிக்கிழமை காலையில் உன் வக்கீலும் வாங்குகிறவரும் வீட்டைப் பார்க்க வருகிறார்கள், நீயும் பெங்களூரிலிருந்து வந்துவிடுவாய். மூன்று, அன்றைக்கு மட்டும் நான் கோவிலம்பாக்கத்தில் சின்னம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டும். போவதற்கு முன் பின்னறையிலிருந்து என் கட்டிலையும் பெட்டியையும் எடுத்து ஸ்டோர் ரூமில் போட்டுவிட வேண்டும். காரணமும் எழுதியிருக்கிறாய். வீட்டில் ஒரு ஆள் குடியிருப்பது தெரிந்தால் வக்கீல் ஆயிரம் கேள்வி கேட்பாராம், வாங்குகிறவர் பின்வாங்கிவிடுவாராம். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும், மிச்சத்தை நாமாக எடுத்துச் சொல்ல வேண்டாம், 'தாம்பரத்து வீட்டை விற்றபோது நீங்க செஞ்ச மாதிரிதாம்மா' என்று முடித்திருக்கிறாய். அந்தக் கடைசி வரியைப் படித்துக்கொண்டே நின்றதில் அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்து போயிற்று.

இந்த வயதில் எனக்குக் கோபம் வருவதில்லை. கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டும் அல்லவா? அலுப்புதான் வருகிறது. முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிய கை, இப்போது நாலு வரி எழுதினால் மரத்துப்போகிறது. அதனால் இதை விட்டு விட்டுத்தான் எழுதுகிறேன். நடுவில் எழுத்து மாறினால் வேறு யாரோ எழுதியது என்று நினைத்துவிடாதே.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ இந்த வீட்டை விற்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பிரமோஷனோடு உன்னை அங்கே மாற்றிவிட்டார்கள், பிள்ளைகள் அங்கே ஸ்கூலில் சேர்ந்துவிட்டார்கள். இங்கே ஓடு உடைந்தால், மோட்டார் கெட்டால் யார் ஓடி வருவது? விற்கத்தான் வேண்டும். தாம்பரத்து வீட்டை விற்றதில் என் பங்கு இந்தச் சுவர்களில்தான் இருக்கிறது என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. பத்திரம் உன் பேரில் மட்டும் இருக்கட்டும் என்று சொன்னவளே நான்தான். அம்மாவுக்கும் மகனுக்கும் நடுவில் எதற்குப் பேப்பர் என்றேன். பூச்சு வேலை நடந்துகொண்டிருந்த ஒரு நாள் என்னைப் பின்னறைக்குக் கூட்டிப் போய், ஜன்னலைத் திறந்து காட்டி, "இது உங்க ரூம்மா, கடைசிவரைக்கும்" என்று நீ சொன்னாய். கொத்தனார் மட்டும் பக்கத்தில் நின்றார். அந்தப் பேச்சை எடுத்துக்கொண்டு நான் எந்தக் கோர்ட்டுக்கும் போகப் போவதில்லை, பயப்படாதே.

ஆனால் வக்கீலிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நீ என்னிடம் கற்றுக்கொண்டதாக எழுதியிருக்கிறாயே, அதைப் பற்றித்தான் பேச வேண்டும். நீ அதைச் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். உனக்குப் பாதிக் கதைதான் தெரியும். மீதியை இத்தனை வருஷமாக மென்று முழுங்கிக்கொண்டு இருந்துவிட்டேன்.

கிழக்குத் தாம்பரத்தில் உன் அப்பா மனை வாங்கியபோது பக்கத்து மனையை வாங்கியவர் காதர் பாய். ஸ்டேஷன் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தாரே, அவர்தான். நீ அவரிடம் எத்தனை தடவை பங்ச்சர் ஒட்டியிருக்கிறாய்! அந்த மண்ணில் பத்தடி தோண்டினால் பாறை. தனித்தனியாகக் கிணறு வெட்ட இரண்டு பேருக்குமே வசதி இல்லை. ஒரே கிணறாக வெட்டிக்கொள்வோம் என்று பேசினார்கள். நீரோட்டம் பார்க்க வந்தவர் தேங்காயை உள்ளங்கையில் வைத்து நடந்து காட்டிய இடம் நம் பக்கம் விழுந்துவிட்டது. விழட்டுமே என்று அங்கேயே வெட்டினார்கள். செலவு பாதிக்குப் பாதி. பாறைக்கு வெடி வைத்த அன்றைக்குக் காதர் பாய் கடையை மூடிவிட்டு வந்து மண் சுமந்தார். உன் அப்பா ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு அவர் சிரித்தார். "நமக்குள்ள இன்னாத்துக்கு சார் பேப்பரு? நீ ஒரு வாளி, நான் ஒரு வாளி, அவ்ளோதானே?" உன் அப்பாவும் சிரித்தார். பிறகு காம்பவுண்டுச் சுவர் எழுப்பியபோது கிணற்றடியில் மட்டும் சுவரை விட்டுவிட்டார்கள். கிணற்றின் மேல் இரண்டு ராட்டினம், நமக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன்று. காலை ஐந்தரை மணிக்கு இந்தப் பக்கம் நான் இறைப்பேன், அந்தப் பக்கம் அவர் மனைவி ஜுலேகா இறைப்பார். எனக்கு பிரஷர் இருப்பது உன் அப்பாவுக்கு முன்னால் அவருக்குத்தான் தெரியும்.

அப்பா போன பிறகு அந்த வீட்டை வைத்துக்கொண்டு என்னால் சமாளிக்க முடியவில்லை. உன் படிப்புக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. விற்றுவிடலாம் என்று முடிவு செய்தோம். முதலில் ஒருவர் வந்து பார்த்து, பிடித்திருக்கிறது, அடுத்த வாரம் அட்வான்ஸோடு வருகிறேன் என்று போனார், ஞாபகம் இருக்கிறதா? வரவே இல்லை. முக்கு டீக்கடையில் விசாரித்திருக்கிறார். பங்குக் கிணறு என்று தெரிந்ததும், வம்பு வேண்டாம் என்று போய்விட்டாராம். டீக்கடைக்காரரே என்னிடம் சொன்னார். அன்றைக்கு என் வயிற்றில் புகுந்த பயம் இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றையும் செய்தது. இந்தக் கிணற்றால் வீடு விற்காது, உன் படிப்பு நின்றுவிடும், நான் நடுத்தெருவில் நிற்பேன் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது ஆள் வந்தபோதுதான் வக்கீல் துரைசாமியிடம் போனோம். மேற்குத் தாம்பரத்தில் மருந்துக் கடைக்கு மேலே அவர் ஆபீஸ். மரப்படி ஏறும்போது ஆடும். எல்லாவற்றையும் பென்சிலால்தான் எழுதுவார். "பென்சில்னா அழிச்சுக்கலாம்மா. ஸ்டாம்ப் பேப்பர்ல ஏறிட்டா அழியாது" என்பார். தாய்ப்பத்திரம், வரி ரசீது, வில்லங்க சர்டிபிகேட், நம் இரண்டு பேரையும் வாரிசு என்று சொல்லும் சர்டிபிகேட் எல்லாவற்றையும் வாங்கி ஒன்றுவிடாமல் படித்தார். படித்து முடித்துக் கட்டி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பத்திரத்துல இருக்கிறதை நான் படிச்சுப்பேன். அதுல இல்லாததை நீங்கதான் சொல்லணும். அதுக்குத்தான் உங்களை எதிர்ல உட்கார வெச்சிருக்கேன்."

"அப்படி ஒண்ணும் இல்லை சார்" என்றேன்.

"வழி, வாசல், வாய்க்கால், கிணறு, இதுல வேற யாருக்காவது பாத்தியதை உண்டா?"

"இல்லை சார்."

நீ என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். "அம்மா, காதர் பாய்..." என்று ஆரம்பித்தாய். மேஜைக்கு அடியில் உன் காலை மிதித்தேன். வக்கீல் பென்சிலை நிறுத்திவிட்டு, "யாரு காதர் பாய்?" என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர், கோடையில் எப்போதாவது வந்து ஒரு குடம் எடுத்துக்கொள்வார் என்றேன். அவர்களுக்குத் தனிக் கிணறு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். முதல் பொய்யைச் சொல்லத்தான் தம்பி யோசிக்க வேண்டியிருந்தது. மற்றவை தானாகவே வந்தன.

ஞாயிற்றுக்கிழமை வந்து வீட்டைப் பார்க்கிறேன் என்றார் அவர். சனிக்கிழமை காலையில் கிணற்றடியில் நான் ஜுலேகாவிடம் சொன்னேன், நாளைக்கு ஒரு நாள் மட்டும் தண்ணீர் எடுக்க வராதீர்கள், உங்கள் ராட்டினத்தையும் கழற்றி வைத்துவிடுங்கள் என்று. ஏன் என்றுகூட அவர் கேட்கவில்லை. "அதுக்கின்னாம்மா, இன்னிக்கே எல்லாத்தையும் ரொப்பி வச்சிக்கிறேன்" என்றார். அண்டா, குடம், குழந்தைகளைக் குளிப்பாட்டும் அலுமினியத் தொட்டி எல்லாவற்றிலும் மத்தியானம் வரை இறைத்து நிரப்பினார். சாயங்காலம் அவரே ராட்டினத்தைக் கழற்றி, கயிற்றைச் சுருட்டி, தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்.

"வூட்டப் பாக்க யார்னா வராங்களாம்மா?"

"ஆமாம்."

"நல்ல வெலைக்குப் போவட்டும். தம்பி படிச்சி பெரிய ஆளாவணும்."

சுவரில் இருந்த இடைவெளியில் தென்னந்தட்டியை வைத்துக் கட்டியது நீதான். கட்டும்போது நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

மறுநாள் துரைசாமி வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கிணற்றடிக்கு வந்து நின்றார். அந்தப் பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் கயிறு அறுத்து அறுத்துப் பள்ளமான தடங்கள் இருந்தன. எட்டு வருஷக் கயிறு. அதை மறைக்க எனக்குத் தோன்றவே இல்லை. அவர் குனிந்து அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம், "எல்லாத்தையும் சொல்லிட்டீங்களாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். சொல்லிவிட்டேன் சார் என்றேன். அதற்கு மேல் அவர் என்ன செய்வார்? கட்சிக்காரர் வாயிலிருந்து வராததை அவர் எப்படி எழுதுவார்? தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

ரிஜிஸ்டர் ஆபீசில் பத்திரத்தை வாசித்தார்கள். 'மேற்படி சொத்திலும் கிணற்றிலும் வேறு எவருக்கும் எவ்விதப் பாத்தியமும் இல்லை' என்ற இடம் வந்தபோது உன் விரலில் உருண்டுகொண்டிருந்த பேனா நின்றது எனக்குத் தெரியும். பிறகு நீயும் கையெழுத்துப் போட்டாய். இருபது வயதுப் பையனை ஒரு பொய்யில் கையெழுத்துப் போட வைத்தேன். அதைத்தான் நீ இப்போது அம்மா சொல்லிக்கொடுத்தது என்று எழுதுகிறாய். உன்னைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

நீ ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய். நான் பல்லாவரத்தில் ஒரு போர்ஷனுக்குக் குடிபோனேன். இனி எழுதப் போவது உனக்குத் தெரியாதது. வாங்கியவர் மூன்றாவது மாதமே அந்த இடைவெளியில் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். பத்திரத்தில் அப்படித்தானே இருக்கிறது? காதர் பாயும் ஜுலேகாவும் என்னைத் தேடிக்கொண்டு பல்லாவரத்துக்கு வந்தார்கள். பாய் சண்டை போட வரவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே பேசினார்.

"அந்தாளு நல்லவருதாம்மா. கிணறு ரெண்டு வூட்டுக்கும் பொதுதான்னு உங்க வாயால ஒரு வார்த்த சொல்லிட்டா செவுத்த இடிச்சிடறேன்றாரு. நீங்க வந்து நின்னா போதும்."

நான் வந்து நின்றால் பத்திரத்தில் பொய் சொன்னேன் என்று ஆகிவிடும். உன் கையெழுத்தும் அதில் இருக்கிறது. உனக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று பயந்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. வெட்கம் தம்பி, வெறும் வெட்கம். அந்த வக்கீல் முகத்திலும் வாங்கியவர் முகத்திலும் விழிக்க வேண்டுமே என்ற வெட்கம். நான் காதர் பாயிடம், "எனக்குச் சரியா ஞாபகம் இல்லையே பாய், அதெல்லாம் தம்பியோட அப்பா பேசினது" என்றேன்.

ஜுலேகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு வருஷம் தினமும் காலையில் எதிரும் புதிருமாக நின்று தண்ணீர் இறைத்தவர். பாய்தான் எழுந்து, "சரிம்மா, வயசாவுதில்ல, மறந்துதான் பூடும்" என்றார். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது.

அவர்கள் போன பிறகு இரண்டு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் துரைசாமியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். பென்சிலைக் கீழே வைத்தார். "ஒரே ஒரு வரிம்மா. 'கிணற்று நீரில் பக்கத்து மனைக்காரருக்குச் சரிபாதிப் பாத்தியம் உண்டு.' இதை எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?" அவரே வாங்கியவரிடம் போய்ப் பேசியும் பார்த்தார். அந்த மனுஷன், "மொதல்லயே சொல்லியிருந்தா சரின்னு வாங்கியிருப்பேன் சார், எனக்கும் தண்ணி மிச்சந்தான். இப்ப வந்து சொன்னா, அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா?" என்று கேட்டாராம். கேட்டதில் என்ன தப்பு? சொல்லியிருந்தாலும் வீடு விற்றிருக்கும் தம்பி. பயந்ததற்குக்கூட அர்த்தம் இல்லாமல் போய்விட்டது.

காதர் பாயிடம் வழக்குப் போடச் சொல்லிப் பலர் சொல்லியிருக்கிறார்கள். தாலி இழந்தவள் மேல் வழக்குப் போட மாட்டேன் என்றாராம். ஜுலேகா இரண்டு தெரு தள்ளியிருந்த குழாயிலிருந்து இடுப்பில் சுமந்தார். ஒன்றரை வருஷம் சுமந்தார். பிறகு தண்ணீர் இல்லாத வீடு என்று வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு எங்கேயோ போய்விட்டார்கள். எங்கே என்று நான் விசாரிக்கவில்லை. தெரிந்தால் போக வேண்டியிருக்குமே என்று விசாரிக்கவில்லை.

இப்போது சொல், இதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது?

வக்கீல் என்பவர் நம்மை மடக்க வந்த போலீஸ்காரர் இல்லை. நாம் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்ட நம்முடைய ஆள். எதிராளி கேட்பதற்கு முன்னால் அவர் கேட்கிறார், அவ்வளவுதான். எந்தக் கேள்வியைக் கேட்டுவிடப் போகிறாரோ என்று நமக்குப் பயமாக இருக்கிறதோ, அதற்குத்தான் அவர் முன்னால் முதலில் பதில் சொல்ல வேண்டும். ஒரிஜினல் பத்திரங்களைக் கொடுக்கும்போது என்னென்ன கொடுத்தாய் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள், பெரிய மனிதராயிற்றே என்று கூச்சப்படாதே. வாசிக்கும்போது புரியாத வார்த்தை வந்தால் நிறுத்தச் சொல். இதெல்லாம் நீயே செய்வாய், நீ கெட்டிக்காரன். உனக்கு வராதது ஒன்றுதான், எனக்கும் வராமல் போனது. மறைக்க வேண்டும் என்று தோன்றுவதை எடுத்து மேஜை மேல் வைப்பது.

இந்த வீட்டில் நீ மறைக்க நினைப்பது கிணறு இல்லை, என்னை. இதை எழுதும்போது எனக்கு வலிக்கிறது. வலிக்கவில்லை என்று பெருந்தன்மையாக எழுத எனக்குத் தெரியவில்லை. உன் மனைவியின் யோசனையாக இருக்கும் என்று சின்னம்மா சொல்லுவாள். எனக்குத் தெரியும், இது உன் யோசனைதான், ஏனென்றால் இது என் யோசனை.

எனக்கு அந்த அறை வேண்டும் என்று கேட்கவில்லை. உன் வக்கீல் எழுதி நீட்டினால், எனக்கு இந்த வீட்டில் எந்த உரிமையும் இல்லை என்று விடுதலைப் பத்திரத்தில் நானே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், வாசித்துக் காட்டச் சொல்லி, தெரிந்து, போட்டுத் தருகிறேன். எனக்கு வேறு இடம் பார்த்துக் குடிவைத்த பிறகு சாவி தருகிறோம் என்று ஒரு வரி சேர்க்க முடியுமா என்றும் அவரைக் கேட்டுப் பார். முடியாது என்றால் பெங்களூருக்கு வருகிறேன். உன் வீட்டில் இடம் நெருக்கடி என்றால் சின்னம்மா வீட்டுக்கே போகிறேன். எங்கே போனாலும் நான் எழுந்து, என் பெட்டியை நானே எடுத்துக்கொண்டு, எல்லாரும் பார்க்கப் போவேன். ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டிவிட்டுப் போக மாட்டேன்.

பத்திரம் பதிவாகிவிடும், பணம் வந்துவிடும், நீயும் நன்றாக இருப்பாய். பத்து வருஷம் கழித்து உன் மகன் வந்து, 'அப்பா, அன்னைக்கு நீங்க பாட்டியை எங்க அனுப்பினீங்க?' என்று கேட்டால் உனக்கு ஞாபகம் இல்லாமல் இருக்காது. அந்தக் கஷ்டம் உனக்கு வேண்டாம். நான் பட்டது போதும்.

அதனால் உன் மூன்றாவது நம்பரை அடித்துவிடு. வெள்ளிக்கிழமை காலையில் நான் குளித்து, சலவைப் புடவை கட்டிக்கொண்டு, முன்னறையில் உட்கார்ந்திருப்பேன். வக்கீல் உள்ளே நுழைந்ததும், "இவங்க யாரு?" என்று கேட்பார். கேட்காமல் இருக்க மாட்டார், அதுதான் அவர் வேலை. நான் வாயைத் திறக்க மாட்டேன். பதிலை நீ சொல்.

அம்மா